முதலில் கரை, அப்புறம் கருவி: ராமநாதபுரம் கடலோரத்தில் நிகழ்த்துகலை, தொழில்நுட்பம், போராட்டம் மூன்றையும் சேர்த்துத் தொழிலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ சாயல்குடியிலோ இருந்துகொண்டு, "எனக்கு நடிப்பு வரும், எலக்ட்ரானிக்ஸ் போர்டைப் பிரித்துப் பார்க்கவும் பிடிக்கும், ஊர்ப் பிரச்சினை என்றால் சும்மா இருக்கவும் முடியாது, இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். முடியும். மேடை, கருவி, மக்கள் பிரச்சினை மூன்றையும் ஒரே படைப்பில் கொண்டுவருகிறவர்களைப் பல்துறைக் கலைஞர்கள் என்கிறோம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை இது இல்லை. ஆனாலும் இதையே தொழிலாகச் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் முதலில் ஒரு கருவியை வாங்குவார்கள். அப்புறம் அதற்குப் பொருந்தும் பிரச்சினையைத் தேடுவார்கள். கடைசியில் மக்களைப் பார்க்க வரச் சொல்வார்கள். நம் கடலோரத்தில் இந்த வரிசை செல்லாது. இங்கே முதலில் கரை, அடுத்து வடிவம், அதற்கும் பிறகுதான் கருவி. உங்கள் படைப்பைக் கேள்வி கேட்கும் முதல் உரிமையும் கரைக்குத்தான். டெல்லிக் காட்சிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு நம்பிக்கையில் நிற்பவை.

படி 1: கரையைப் படியுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். ஒரு வருடத்துக் காற்றையாவது பார்த்துவிடுங்கள்.

மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். வாடைக் காற்றின் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். கடற்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குப் போகிறார்கள். இந்த நாட்காட்டி தெரியாமல் ஒத்திகைக்குத் தேதி குறித்தால் யாரும் வரமாட்டார்கள். அது அவர்களுடைய அக்கறைக் குறைவு ஆகாது.

அடுத்து, இங்குள்ள பிணக்குகளைப் படியுங்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்ததும் இந்த மோதலைத் தணிக்கத்தான். 1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. எல்லை தாண்டியதாகக் கைதாவதும் படகுகள் பறிபோவதும் இன்று வரை நிற்கவில்லை. 1986-இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைக்கும் ஆவுளியா என்னும் கடல்பசுவுக்கும் அது தேவை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுக் கரைகளில் பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மேடையில் தாங்கிப் பிடிக்க முடிந்தால்தான் அது கலை. ஒன்றை மட்டும் சொன்னால் துண்டுப் பிரசுரமாகத்தான் முடியும்.

விசைப்படகுக்காரரை வில்லனாக்கிவிட்டால் நாடகம் எளிதில் முடிந்துவிடும். அந்தப் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளிக்கும் கடன் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரையும் போய்ப் பாருங்கள். வலை பின்னும் இடம், ஏலம் நடக்கும் இடம், டீக்கடை, ஐஸ் உடைக்கும் இடம், கருவாடு காயும் மணல் என்று எல்லா இடத்திலும் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ரெக்கார்டர் இப்போது வேண்டாம்.

இந்தப் படியின் முடிவில் உங்கள் கையில் ஒரே ஒரு கேள்வி இருக்க வேண்டும். "கடல் மாசு" மாதிரி அகலமான தலைப்பு உதவாது. "இந்த ஊர்ப் பெண்கள் எடுக்கும் பாசிக்கு விலையை யார் வைக்கிறார்கள்?" என்ற அளவுக்குக் குறுகிய கேள்வி வேண்டும். அதை எழுதி, பக்கத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: நான் தவறாகச் சொன்னால் அடி யார் மீது விழும்?

படி 2: உடம்பில் ஒரு வடிவத்தை ஏற்றுங்கள்

நம் பக்கத்தில் கலை வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். அந்தப் பாட்டின் தாளத்தை நிர்ணயிப்பது வலையின் எடை. ஒப்பாரி, கும்மி, ஒயில், சிலம்பம் இருக்கின்றன. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் இசை நாடகமும் கத்தோலிக்க ஊர்களின் பாஸ்கா நாடகமும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது கற்றுக்கொடுப்பவரிடம் முறையாகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். காணொளியைப் பார்த்து அசைவைப் பழகலாம். எங்கே மூச்சு வாங்குவது என்பது ஆளிடம்தான் கிடைக்கும்.

முறையான படிப்பு வேண்டுமென்றால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறை, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை ஆகியவற்றைப் பாருங்கள். நடிகனின் மூச்சுக்கும் குரலுக்கும் ஆரோவில் அருகே உள்ள ஆதிசக்தி நாடகக் குழுவின் பயிற்சி நல்ல வழி. பட்டம் கட்டாயமில்லை. இந்தத் துறையில் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை, செய்ததைத்தான் கேட்பார்கள்.

வெளியிலிருந்து ஒரு முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அது பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு. ஒரு பிரச்சினையைப் பத்துப் பதினைந்து நிமிட நாடகமாக, பாதிக்கப்பட்டவர் தோற்கும் இடம் வரை நடித்துக் காட்டுவீர்கள். பிறகு முதலிலிருந்து மறுபடி நடிப்பீர்கள். இம்முறை பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தானே வந்து நின்று வேறு மாதிரி முயன்று பார்க்கலாம். வியாபாரியாகவோ அதிகாரியாகவோ நடிப்பவர் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நடுவில் ஒருவர் நின்று, "இது நடக்குமா? நம் ஊரில் நடக்குமா?" என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மீனவர் சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள் இங்கே எழுந்து வருவார்கள். வேறொருவராக நிற்கும்போது பேச்சு சுலபமாகிவிடுகிறது.

படி 3: கருவி

கடலோரத்துக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அது ஏற்கனவே படகில் இருக்கிறது. ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், காற்று பார்க்கும் செயலி எல்லாம் மீனவர்கள் தினமும் புழங்குபவை. பாம்பனில் 2016 முதல் 90.4 அலைவரிசையில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி ஒலிபரப்பாகிறது. மீனவர்களுக்காகவே நடக்கும் நிலையம் அது. உங்கள் முதல் தொழில்நுட்பக் கூட்டாளிகள் இவர்கள்தான். இன்னொரு கூட்டாளி ஊர் மைக்செட்காரர். ஒயர், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், மழை வந்தால் என்ன செய்வது என்பதில் அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள். ஒரு திருவிழா சீசன் முழுக்க அவருக்கு உதவியாளாகப் போங்கள்.

ஒலியில் தொடங்குவது நல்லது. செலவு குறைவு, அதோடு கடலைக் காட்டுவதைவிடக் கேட்கவைப்பது இன்னும் ஆழமாகப் போய்ச் சேரும். நீருக்கடியில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். நீருக்கடி மைக்கை நீங்களே செய்யலாம்:

- எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் அதிர்வை மின்சாரமாக்கும் வட்டமான பீசோ தகடு ஒன்று வாங்குங்கள். விலை சில பத்து ரூபாய்தான்.
- அதில் ஷீல்டு உள்ள மைக் ஒயரைச் சால்டர் செய்யுங்கள். வெளிவலைக் கம்பி பித்தளைப் பக்கத்துக்கு, உள்கம்பி நடு வெள்ளைப் பக்கத்துக்கு.
- இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியால் தகட்டையும் இணைப்பையும் முழுதாக மூடுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் உப்புநீர் உள்ளே போய்விடும். ஒரு நாள் காயவிட்டு இன்னொரு பூச்சு கொடுங்கள்.
- நேராக ரெக்கார்டரில் சொருகினால் ஒலி மெலிந்து, அடித்தாளம் இல்லாமல் வரும். பீசோவுக்கு ஏற்ற சிறிய ப்ரீ-ஆம்ப் (முன்பெருக்கி) நடுவில் தேவை.

இதைப் பாலத்தடியிலோ ஜெட்டியிலோ இறக்கிக் கேளுங்கள். விடாமல் படபடவென்று ஒரு பொரியும் சத்தம் வரும். அது சொடுக்கு இறால்கள். தூரத்து எஞ்சின் ஒன்று வந்ததும் அந்தச் சத்தம் மூழ்கிவிடும். வேறு எந்த விளக்கமும் இல்லாமல் இந்த ஒரு நிமிட ஒலிப்பதிவையே ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டலாம்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒலித் தொகுப்புக்கு ஆடசிட்டி, நேரடி ஒலிக்குப் பியூர் டேட்டா, நிரல் எழுதிப் படம் வரைய ப்ராசஸிங், ஒளிபரப்புக்கு ஓபிஎஸ் ஆகியவை எல்லாம் இலவசம். டச்டிசைனரின் வணிகமல்லாத பதிப்பில் 1280-க்கு 1280 பிக்சல் வரை இலவசமாக வேலை செய்யலாம். ஆரம்பத்துக்கு அது போதும். விளக்கு, உணரி, மோட்டார் இவற்றை இயக்க ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 போர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் வைஃபை சேர்ந்தே வரும், விலையும் சில நூறு ரூபாய்தான்.

சுவரில் படம் வீசுவதில் போலந்தில் பிறந்த க்ரிஸ்டாஃப் வோடிச்கோவைப் படியுங்கள். 1985-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணில் படம் வீசிக்கொண்டிருந்தவர், ஒரு ப்ரொஜெக்டரைத் திருப்பிப் பக்கத்திலிருந்த தென்னாப்பிரிக்கத் தூதரகக் கட்டடத்தின் மேல் நாஜி ஸ்வஸ்திகாவைப் பாய்ச்சினார். நிறவெறி அரசைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி வசனமும் தேவைப்படவில்லை. எந்தப் படம் என்பதைப் போலவே எந்தச் சுவர் என்பதும் படைப்புதான். நம் ஊரில் எது அந்தச் சுவர்? பூட்டிக் கிடக்கும் ஐஸ் ஆலையா, புயல் காப்பகமா, கரையேற்றி வைத்திருக்கும் படகின் பக்கவாட்டா? இதற்கு விடை கிடைத்த பிறகு ப்ரொஜெக்டரைப் பற்றி யோசியுங்கள். 3,000 லூமென் கருவி என்றால் தெருவிளக்கு இல்லாத இடத்தில், இருட்டிய பிறகு, சுமார் மூன்று மீட்டர் அகலம் வரை பரவாயில்லை. பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள்.

எதிரி உப்புக் காற்று. போர்டுகளின் மேல் ஈரம் தடுக்கும் பூச்சு ஸ்பிரே அடியுங்கள். கிடைக்காவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள். திருகாணி எல்லாம் எவர்சில்வர். லென்ஸில் மணல் இருக்கும்போது துணியால் துடைக்காதீர்கள், ஊதி எடுங்கள். மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொண்டு 12 வோல்ட் பேட்டரியும் ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டரும் வைத்திருங்கள். மலிவு இன்வர்ட்டர் ஒலியில் இரைச்சலைக் கலந்துவிடும்.

படி 4: முதல் படைப்பைக் கட்டுவது

ஒரு மாதிரியை வைத்துச் சொல்கிறேன். கேள்வி: பாசி எடுக்கும் வேலையின் விலை என்ன?

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புடவைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்தோ கஞ்சிப்பாசியோ கட்டக்கோரையோ, பாசியில் எந்த வகை கைக்கு வந்தாலும் பிடுங்கி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்க வேண்டும். அந்தப் பாசி காய்ந்து, கை மாறி, அகார், ஆல்ஜினேட் என்னும் கெட்டியாக்கும் பொருட்களாகத் தொழிற்சாலைகளில் முடிகிறது.

இதில் நாடகத்துக்கான கரு மூச்சுதான். அதனால் படைப்பு இப்படி இருக்கலாம். இரவு, கடற்கரை மணல், வட்டமாக மக்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு. பாசி எடுக்கும் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பொத்தான். அவர் மூச்சைப் பிடித்துப் பொத்தானை அழுத்தியதும் விளக்கு அணையும்; நீருக்கடி மைக்கில் பதிந்த கடல் ஒலி எழும். பார்வையாளர்களும் அவரோடு மூச்சைப் பிடிக்க வேண்டும். அவர் பொத்தானை விட்டதும் விளக்கு எரியும். ஒவ்வொரு முங்கலுக்கும் இடையில் அவர் ஒரு விஷயம் சொல்வார்: எந்த வயதில் முங்கத் தொடங்கினார், காதில் என்ன வலி, கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, அபராதம் கட்டிய நாளில் வீட்டில் என்ன சமைத்தார். முப்பதாவது நொடியில் கூட்டத்தில் பாதிப்பேர் மூச்சை விட்டிருப்பார்கள், விளக்கு இன்னும் எரிந்திருக்காது. கருவி என்று பார்த்தால் ஒரு இஎஸ்பி32, ஒரு ரிலே, ஒரு பொத்தான், இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு விவாத அரங்கு. வியாபாரி, வனக்காவலர், சங்கத் தலைவி ஆகிய பாத்திரங்கள். வனத்துறையினரையும் முறைப்படி அழையுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு நிகழ்ச்சி, அவர்கள் இல்லாத பத்து நிகழ்ச்சிக்குச் சமம்.

கட்டும் முறை இது: பெண்களோடு பேசுவது, அவர்கள் சொன்னதை எழுதி அவர்களுக்கே வாசித்துக் காட்டுவது, ஒரு வீட்டு முற்றத்தில் கருவியில்லாமல் நடித்துப் பார்ப்பது, பிறகு கருவியோடு, பிறகு ஊருக்கு மட்டும் ஒரு காட்சி, அதில் வந்த திருத்தங்கள், அப்புறம்தான் பொதுக் காட்சி. ஊர்க் காட்சியில் "இதைச் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். அது எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி.

இதில் நடிகையை வைத்து அந்தப் பெண்ணாக நடிக்க வைக்கலாமா என்று கேட்பார்கள். அவருக்கே மேடைக்கு வர விருப்பமில்லையென்றால் குரலை மட்டும் வாங்கலாம். அவர் வரத் தயாராக இருக்கும்போது அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

படி 5: உரிமை, சம்மதம், தரவு

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு, 50 ஆண்டுக் காலத்துக்கு. அம்பா பாடிய பெரியவரின் குரலை நீங்கள் பதிவு செய்தீர்கள் என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது. எங்கே போடப்போகிறோம், பணம் வந்தால் எப்படிப் பங்கு, வேண்டாம் என்றால் எப்போது எடுப்போம் ஆகிய மூன்றையும் தமிழில் பேசி, அந்தப் பேச்சையே பதிவு செய்து ஒரு பிரதி கொடுங்கள். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது.

ஒத்திகை நாளுக்கும் கூலி உண்டு. தொழிலுக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். விளம்பரத்தில் அவர்கள் பெயர் உங்கள் பெயரின் அளவிலேயே இருக்கட்டும்.

தரவில் இன்னும் கவனம் வேண்டும். படகின் ஜிபிஎஸ் தடத்தைத் திரையில் ஓடவிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிகளில் ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்துவரும் பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இருக்கலாம். எல்லைக் கோட்டுக்கு அருகே போன தடம் இருக்கலாம். நாளைக்கு ஒரு வழக்கில் அது எதிராகத் திரும்பும். ஆயத்தொலைவுகளைச் சிதைத்து, அச்சு எண்களை நீக்கி, வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். மூலக் கோப்பைப் படகுக்காரரிடமே விட்டுவிடுங்கள். அதேபோல், கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி தடை. அது வரும் காட்சியில் யாருடைய முகமும் குரலும் படகு எண்ணும் தெரியக் கூடாது.

படி 6: அனுமதி, பாதுகாப்பு

முதல் அனுமதி ஊர். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை, மீனவர் சங்கம், பெண்கள் குழு என்று எந்த ஊரில் யார் பேச்சு செல்லுமோ அவர்களை நேரில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம்.

அடுத்து அரசு. பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடி நிகழ்வையும் அக்டோபர் 30 பசும்பொன் நிகழ்வையும் ஒட்டித் தடை உத்தரவு போடுவது வழக்கம். பழைய 144 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. அந்த வாரங்களில் தெரு நிகழ்ச்சி வைக்காதீர்கள். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. ட்ரோன் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. கடலில் படகேறினால் குழுவில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது நினைவில் இருக்கட்டும். பணிவாகச் சொல்லுங்கள், தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் ஆபத்து கற்பனை இல்லை. 1989 ஜனவரி முதல் நாள் டெல்லி அருகே சாகிபாபாத்தில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்ட சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 34. அமெரிக்காவில் கலையும் உயிரியலும் சேர்த்துப் படைப்புகள் செய்த ஸ்டீவ் கர்ட்ஸ், வீட்டிலிருந்த ஆய்வுக் கருவிகளுக்காக 2004-இல் விசாரணைக்குள் சிக்கினார்; வழக்கு தள்ளுபடியாக 2008 ஆனது. அதனால் தனியாகப் போகாதீர்கள். ஒரு வழக்கறிஞரின் எண் குழுவில் எல்லோரிடமும் இருக்கட்டும். வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. நிகழ்ச்சி முடிந்து நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள், ஊர்க்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். எந்த வசனத்தை வைப்பது என்று முடிவெடுக்கும்போது இது மனதில் ஓட வேண்டும்.

படி 7: பணம்

முதல் சில வருடம் கூடவே ஒரு வேலை வேண்டும். மைக்செட், கல்யாண வீடியோ எடிட்டிங், பள்ளிகளில் நாடகப் பயிற்சி, அரசு விழிப்புணர்வுக் கலைக்குழு என்று உங்கள் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும் வேலையாகப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கும் பருவத்தில் பயிற்றுநர்களுக்குத் தேவை இருக்கும். நாட்டுப்புறக் கலை பழகியவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தில் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை, 25 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் ஜூனியர் ஃபெல்லோஷிப், இரண்டும் இரண்டு வருடத்துக்கு. விண்ணப்பத் தேதியும் இப்போதைய தொகையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நிதி கொடுத்துவருகிறது. தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. டெல்லியின் கோஜ் என்னும் கலை அமைப்பு, தங்கிப் படைக்கும் வாய்ப்புகளைத் தருகிறது.

விண்ணப்பத்தில் நீங்கள் எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டவர் என்று எழுதாதீர்கள். கேள்வி என்ன, யாரோடு, எங்கே, எந்த மாதத்தில், ஏன் அந்த மாதத்தில் என்று எழுதுங்கள். "தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பதால் மே மாதத்தில் ஒத்திகை" என்ற ஒரு வரி, கரையை அறிந்தவர் எழுதியது என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்ஜெட்டில் ஊர்க் கலைஞர் கூலி, உங்கள் சொந்தக் கூலி, சாப்பாடு, கருவி பழுது ஆகிய நான்கும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். சொந்தக் கூலியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோவீர்கள்.

நிறுவனங்கள் கொடுக்கும் தொகையில் பெரும்பாலும் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்கு தாக்கல் செய்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு அது திரும்பி வரும். வெளிநாட்டு நிதி என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தெரிந்த ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுப்பாடு கடுமையானது, கட்டணமாக வருவதற்கும் நன்கொடையாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. எந்த நிறுவனம் பணம் தருகிறது, அது கடலில் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். பாசிப் பெண்களைப் பற்றிய படைப்புக்குப் பாசி வாங்கும் கம்பெனியிடமே பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் போக முடியாது.

படி 8: கரையைத் தாண்டும்போது

மூன்று நிமிட வீடியோ, பத்துப் படங்கள், ஒரு பக்க விளக்கம், மின்சாரமும் இடமும் எவ்வளவு தேவை என்ற தொழில்நுட்பக் குறிப்பு. உங்கள் தொகுப்பு இவ்வளவுதான். வீடியோவில் பார்வையாளர் முகங்களும் தெரியட்டும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வகைக் கலையின் பாதி. 2012-இல் தொடங்கிய கொச்சி பினாலே என்னும் கலைக் கண்காட்சி நமக்கு இரவு ரயில் தூரம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979 முதல் நடக்கும் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா, கலையும் தொழில்நுட்பமும் சேரும் விழாக்களில் மூத்தது. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். குழுவில் உள்ள பெண்களுக்கும் சேர்த்து.

வெளியே கூப்பிடும்போது அந்த மூச்சுப் படைப்பை அப்படியே குளிரூட்டிய அறைக்குள் தூக்கி வைக்க முடியாது. அங்கே மணலும் இல்லை, வனக்காவலரும் இல்லை. கேட்பவர்களுக்கு அகார் எந்த ஐஸ்கிரீமில் இருக்கிறது என்பது தெரியும், அதை எடுத்த விரல்கள் தெரியாது. அங்கிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். பாசிக்காரப் பெண் கலைஞராக, பயணச்செலவோடும் கூலியோடும் வர வேண்டும். அழைப்பவர்கள் "வீடியோவை மட்டும் அனுப்புங்கள்" என்றால், அவருக்கு அதில் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள்.

திரும்பி வந்ததும் அங்கே காட்டியதை இங்கேயும் போட்டுக் காட்டுங்கள், வந்த பணத்தின் கணக்கோடு. ஒலிப்பதிவுகளின் ஒரு பிரதியைப் பாடியவர்கள் வீட்டுக்கு மெமரி கார்டில் கொடுங்கள், இன்னொன்றைச் சமுதாய வானொலிக்குக் கொடுக்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று கடற்காற்று எட்டாத தூரத்தில், பரமக்குடியிலோ மதுரையிலோ நம்பிக்கையான ஒருவரிடம். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.